அண்ணாந்து அடித்த மருந்து

1

இந்த மே மாதத்தோடு எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். நாசரேத் பக்கத்து எங்கள் ஊரில் இருந்திருந்தால் கோயிலில் ஸ்தோத்திர ஆராதனை, அதற்கப்புறம் ஆட்டுக்கறி பிரியாணி, போட்டோவுக்கு நிற்கச் சொல்லி ஒரு பாடு என்று அன்றைய பொழுது போயிருக்கும். பம்பாயில் வெள்ளி விழாவை எப்படிக் கொண்டாடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆபீஸிலிருந்து கொஞ்சம் முன்னதாகக் கிளம்பி, கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி, இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு பஸ் பிடித்துச் செம்பூருக்கு வந்தேன்.

என் மனைவி கிருபா பூவை வாங்கியதும் பழக்கதோஷத்தில் மூக்குக்கு அருகே கொண்டுபோனாள். ஒரு நொடி அப்படியே வைத்திருந்தாள். பிறகு தலையில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு வாசனை தெரியாமல் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அது தெரிந்தே போய்ப் பூ வாங்கியவன் நான். சேலை வாங்கியிருக்கலாம், ஒரு செருப்பு வாங்கியிருக்கலாம். என் புத்தி அவ்வளவுதான்.

பாயசத்துக்கு அடுப்பில் பாலை வைத்தாள். நான் குளிக்கப் போனேன். குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால் முகத்தில் அறைந்தது கேஸ் நாற்றம். ஓடிப்போய்ப் பார்த்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. கேஸ் மட்டும் புஸ்ஸென்று வந்துகொண்டே இருந்தது. அடுப்புக்கு மூன்றடி தள்ளித் தரையில் உட்கார்ந்து, தலையில் பூவோடு, கிருபா முந்திரிப்பருப்பை உடைத்துக்கொண்டிருந்தாள். கையெட்டும் தூரத்தில் லைட்டர்.

அடுப்பை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

"என்ன, என்னாச்சு?"

"கேஸு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "எனக்குத் தெரியலயே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இனி என்னைய நம்பி இந்த வீட்ல எதை விட்டுட்டுப் போவீங்க?" என்றாள். இருபத்தைந்தாவது வருஷத்துக்கு நாங்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். பாயசம் வைக்கவில்லை.

கிருபாவின் மூக்கைப் பற்றி ஊரில் அவளோடு பழகியவர்களுக்குத் தெரியும். சாயங்காலம் திரியப்போகும் பாலை மத்தியானமே சொல்லிவிடுவாள். மார்க்கெட்டில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்க மாட்டாள்; கூடைக்கு அருகில் நின்று, "நேத்தைக்குள்ளது" என்று சொல்லிவிட்டு நடப்பாள். மூன்றாவது மாடியில் யார் பருப்பை அடிப்பிடிக்க விட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். "போலீஸ்ல சேந்திருந்தா இந்நேரம் பெரிய ஆளாயிருப்ப, நாய்க்குச் சோறாவது மிச்சம்" என்று நான் கேலி செய்வேன். அந்த மூக்குதான் போனது.

2

இப்போது செம்பூரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஏதாவது ஒரு கட்டடத்தைப் பச்சைத் துணி கட்டி இடித்துக்கொண்டிருப்பார்கள். இதற்கு ரீடெவலப்மென்ட் என்று பெயர். எங்கள் பக்கத்துக் கட்டடத்தை இடித்தபோது வீட்டுக்குள் சாப்பாட்டுத் தட்டில்கூடச் சிமெண்டுத் தூசி. அப்போது தொடங்கியது கிருபாவின் தும்மல். காலையில் எழுந்ததும் ஆரம்பித்தால் நிற்காது. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, பிறகு கல்லாக அடைத்துக்கொள்ளும். எங்கள் மகன் ஆல்வினுக்கும் கொஞ்சம் தும்மல் வந்தது. இருபத்து மூன்று வயதுப் பையன், ஐரோலியில் ஒரு கம்பெனியில் வேலை, பகல் முழுவதும் ஏசியில் இருந்ததால் தப்பித்தான்.

தெருமுனை மருந்துக்கடையில் கிருபாவுக்கு ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு சொட்டு விட்டால் அடுத்த நிமிஷம் மூக்கு திறந்துகொள்ளும். இவள் அதை ஜீவத்தண்ணீர் போல மாதக்கணக்கில் விட்டாள். அது மூன்று நான்கு நாளைக்கு மேல் விடக் கூடாத மருந்து என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. விட விட, மருந்து இல்லாதபோது மூக்கு முன்னைவிட அதிகமாக வீங்கி அடைக்குமாம். கடைசியில் மருந்து விட்டாலும் அடைப்பு, விடாவிட்டாலும் அடைப்பு. அந்த அடைப்புக்குள் வாசனை எப்போது போனது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. ஒரு நாள் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தவள், "இதுல வாசனையே இல்லையே, ஏமாத்திட்டானோ?" என்றாள். வீடு முழுக்கக் கருவாடு மணந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். பம்பாய் ஆஸ்பத்திரியில் முதலில் கேஸ் பேப்பர் எடுக்க வேண்டும்; நம் ஊர் ஓ.பி. சீட்டுதான். ஜன்னலுக்குள் இருந்தவர் கிருபா என்ற பெயரைக் கேட்டதும் ஆண் என்று எழுதிவிட்டார். திருத்தக் கேட்டால் அடுத்த ஜன்னல் என்றார். அடுத்த ஜன்னலில் ஆதார் கேட்டார்கள். ஆதாரில் அவள் கிருபாவதி. அப்படியானால் இது வேறு ஆள் என்றார்கள். மூன்றாவது ஜன்னலில் இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். என் மனைவி பெண்தான் என்பதை நிரூபிக்க அன்றைக்கு நான் மத்தியானம் வரை நின்றேன்.

மூக்கு டாக்டர் ஒரு மராத்திக்காரம்மா. நரைத்த தலை, சிரித்த முகம், சுருக்கமான பேச்சு. கிருபா தன் ஹிந்தியில், "மேரா நாக் பந்த் ஹை", என் மூக்கு அடைத்திருக்கிறது என்றாள். கூட வந்திருந்த ஆல்வின், "மம்மி, மேரா நஹி, மேரி" என்று திருத்தினான். ஹிந்தியில் மூக்கு பெண்பாலாம். இந்த ஊரில் இத்தனை வருஷம் சுவாசித்தும் எங்களுக்கு அது தெரியாது.

உள்ளே வீக்கம், அதோடு சின்னச் சின்னச் சதை வளர்ந்திருக்கிறது, வாசனை மேலே போய்ச் சேர வழியில்லை என்றார் டாக்டரம்மா. கடைச் சொட்டு மருந்தை அன்றோடு நிறுத்தச் சொன்னார். புதிதாக ஒரு ஸ்ப்ரே எழுதினார். ஸ்டீராய்டு ஸ்ப்ரே, காலையில் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு தடவை.

அந்த ஒரு வார்த்தை கிருபாவுக்குப் போதுமாக இருந்தது. போதாததற்குத் தாராவியிலிருந்து எஸ்தர் அக்கா வந்தார். கல்யாணமான புதிதில் தாராவியில் எங்களுக்குப் பக்கத்து வீடு. இன்றைக்கும் எங்களுக்கு நல்லது கெட்டது சொல்ல உரிமை உள்ளவர்.

"ஸ்டீராய்டா? வேண்டவே வேண்டாம் கேட்டியா. மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஊதிரும். பொம்பளைக்கு மீசை மொளைக்கும்" என்றார்.

"மீசை வந்தா ஆஸ்பத்திரில ஆம்பளன்னு எழுதுனது சரியாப் போயிரும்" என்றேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மறுபடி டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டோம். அவர் பொறுமையாகச் சொன்னார்: ஜிம்முக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்வது வேறு ஜாதி, இது வேறு, அளவு மிகக் கொஞ்சம், மூக்கோடு நின்றுவிடும், உடம்புக்குள் அவ்வளவாகப் போகாது. ஆனால் சொன்ன அளவுக்கு மேல் அடிக்கக் கூடாது. உடனே திறக்காது, இரண்டு வாரமாவது தினமும் விடாமல் அடித்தால்தான் தெரியும். மூக்கில் ரத்தம் வந்தால் நிறுத்திவிட்டு வந்து காட்ட வேண்டும். கண்ணில் பிரஷர், புரை என்று ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கிருபா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எப்படி அடிப்பது என்று அவரும் காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூக்கில் மருந்து அடிக்கக் கூடவா பாடம் வேண்டும்?

3

வேண்டும் என்பது மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது.

கிருபா ஒரு நாள்கூடத் தவறவில்லை. காலையில் பல் தேய்த்து, ஜெபம் பண்ணி, மருந்தை அடித்துவிட்டுத்தான் காப்பி. ஆனால் மூக்கு திறக்கவில்லை. வாசனையும் வரவில்லை. கேஸ் சம்பவம் நடந்தது இந்த நாட்களில்தான். ஆல்வின் மறுநாளே ஒரு அலாரம் வாங்கிவந்து சமையலறைச் சுவரில் பொருத்தினான். "மம்மி, டென்ஷன் மத் லோ, பயப்படாத. கேஸ் வந்தா இது கத்தும்" என்றான். கிருபா அந்தப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள். "என் மூக்க எடுத்துச் செவுத்துல மாட்டிட்டான்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

டாக்டரம்மாவும் குழம்பிப்போனார். இப்படியே இருந்தால் ஆபரேஷன் செய்து சதையை எடுக்க வேண்டியதுதான் என்றார். கிருபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மாவுக்கு என்ன தோன்றியதோ, "மருந்து கையில் இருக்கிறதா? எப்படி அடிக்கிறீர்கள், காட்டுங்கள்" என்றார்.

கிருபா பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். நன்றாக அண்ணாந்தாள். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூக்குக்கு இரண்டு விரல்கடை மேலே பிடித்துக்கொண்டு, படாமல் அடித்தாள். பிறகு முழு மூச்சையும் போட்டு ஒரு உறிஞ்சு உறிஞ்சி, தொண்டையில் இறங்கியதை விழுங்கினாள்.

டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "யே க்யா ஹை?" என்ன இது என்றார்.

எனக்கு அது விசித்திரமாகவே தெரியவில்லை. தினமும் வீட்டில் பார்ப்பதுதானே. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாம் செம்பில் தண்ணீர் குடிப்பதைத்தான் அவள் மூக்குக்குச் செய்திருக்கிறாள். வாயில் வைத்துக் குடித்தால் எச்சில். ஒரு செம்பு, பத்துப் பேர், யார் உதடும் படக் கூடாது. அண்ணாந்து ஊற்றிக்கொள்ளத் தெரியாத பிள்ளையை ஊரில் கேலி செய்வார்கள். இதை டாக்டரம்மாவுக்கு ஹிந்தியில் விளக்க நான் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. சட்டை நனைந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஆனால் உங்கள் மருந்து, உங்கள் மூக்கு. படாமல் அடிப்பானேன்?" என்று கேட்டார்.

கிருபா தரையைப் பார்த்தாள். "ஆல்வினுக்கும் தும்மல்ல, அதே மருந்துதானே, ஒரே பாட்டில்ல ரெண்டு பேரும் அடிக்கோம். என் சளி பிள்ளைக்கு ஒட்டிறக் கூடாதுல்லா" என்றாள். நான் மொழிபெயர்த்தேன்.

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. ஒரு பாட்டில் ஒருவருக்குத்தான் என்றார். எத்தனை பிரியமான பிள்ளையாக இருந்தாலும் சரி. அதன் பிறகு கிருபாவை எதிரே உட்காரவைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார்.

முதலில் மூக்கைச் சிந்த வேண்டும். பாட்டிலைக் குலுக்க வேண்டும். அண்ணாந்து அடிக்கக் கூடாது. ஜெபத்துக்குக் குனிவதுபோலக் கொஞ்சம் குனிய வேண்டும். பாட்டில் நேராக நிற்க வேண்டும், கவிழ்த்தால் மருந்தோடு பாதி காற்றுதான் வரும். நுனியை மூக்குக்குள் வைக்க வேண்டும், பட்டால் பாவமில்லை. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. அப்போதுதான் மருந்து நடுச்சுவரில் அடிக்காமல் வெளிப்பக்கம், கண்ணோரத்தைப் பார்த்துப் போகும். நடுச்சுவரிலேயே அடித்தால் அங்கே புண்ணாகி ரத்தம் வரும். அடிக்கும்போது பூ மோப்பது போல மெல்ல மூச்சிழுத்தால் போதும். உறிஞ்சினால் எல்லாம் தொண்டைக்குப் போய்விடும். முடித்ததும் நுனியைச் சுத்தமான துணியால் துடைத்து மூட வேண்டும்.

"பூ மோக்க மாதிரியா?" என்று கிருபா என்னைப் பார்த்துக் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் இரண்டாம் தடவை சரியாகச் செய்தாள். ஆபரேஷன் பேச்சு அன்றைக்குத் தள்ளிப்போனது. ஆல்வினுக்குத் தனிப் பாட்டில் வந்தது.

4

இதற்கு நடுவே ஒரு நல்லது நடந்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் மீதி விளங்காது.

இந்த ஊரில் வளரும் பிள்ளைகள் குறிப்பிட்ட வயதுக்குப் பிறகு வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் போல ஆகிவிடுகிறார்கள். நாம் தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் வரும். பதிலும் ஒரு வார்த்தைதான். ஆல்வின் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு வாரத்தில் பாதி ராத்திரி ஐரோலியில் நண்பன் ரூமில் தங்கல். வீட்டுக்கு வந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றி நேரே பாத்ரூம், அங்கிருந்து நேரே கட்டில். கிருபா தட்டோடு பின்னால் போவாள். "சாப்டாச்சு மம்மி." கதவு சாத்திக்கொள்ளும்.

அம்மாவுக்கு வாசனை போனது உறுதியான பிறகு பையன் மாறினான். தினமும் வீட்டுக்கு வந்தான். வந்ததும் சமையலறையில் கிருபா பக்கத்தில் தரையில் உட்காருவான். மொபைலில் எதையாவது காட்டிச் சிரிக்க வைப்பான். சில நாள் அவள் தோளில் சாய்ந்துகொண்டே தூங்கிவிடுவான். அவனுக்கு வாயில் நுழையாத தமிழ்ப் பாட்டை அவள் முணுமுணுத்தபடி பயறு பொறுக்குவாள். இன்டர்நெட்டில் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் கண்ணைக் கட்டி, காப்பித்தூள், ஆரஞ்சுத் தோல், கிராம்பு என்று ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டி, "போலோ மம்மி, க்யா ஹை?" என்று கேட்பான். மூக்குக்கு இது ஒரு பயிற்சியாம்.

"மூக்கு போனாப் போட்டும். புள்ள வந்துட்டான்" என்று கிருபா ஒரு நாள் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. தாய்க்கு ஒரு குறை என்றதும் ரத்தம் இழுக்கத்தானே செய்யும் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

5

சரியாக மருந்து அடிக்கத் தொடங்கி மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ. வெளியே நல்ல மழை. ஆல்வின் வந்து வழக்கம்போல அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். நான் எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கிருபா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் ஏதோ சொல்லிச் சிரித்தபடி அவள் பக்கம் சாய்ந்தான். அவள் கை நின்றது. பிறகு அவரைக்காயை வைத்துவிட்டு எழுந்து, "இருய்யா, வாரேன்" என்று சொல்லி அடுப்பு மேடைக்குப் போனாள்.

அவள் முதுகு குலுங்குவது தெரிந்து நானும் எழுந்து போனேன். காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"வருதா?" என்றேன்.

"வருது."

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. "ஏலே ஆல்வின்..." என்று வாயெடுத்தேன். கிருபா ஈரக்கையால் என் வாயைப் பொத்தினாள்.

"சத்தம் போடாதீங்க. முதல்ல வந்தது காப்பி இல்ல."

"பின்ன என்ன?"

"அவன் மேல எங்கப்பா வாசனை."

கிருபாவின் அப்பா குடிப்பார். இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். வெளியே சொல்லக்கூடிய விஷயமா என்று விட்டுவிட்டேன். அவர் தெருமுனையில் வரும்போதே, இன்றைக்கு எவ்வளவு, வந்ததும் படுத்துவிடுவாரா, அடிப்பாரா என்று வீட்டுக்குள்ளிருந்தே கிருபா சொல்லிவிடுவாளாம். எட்டு வயதில் அதுதான் அவளுக்கு வேலை. அடிக்கிற நாள் என்றால் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு கோயில் வளாகத்துக்கு ஓடிவிடுவாள். நாற்பது வயதில் அவர் செத்தார். என்னைப் பெண் பார்க்க அழைத்துவந்தபோது இவள் கேட்ட ஒரே கேள்வி, மாப்பிள்ளை குடிப்பாரா என்பதுதான். அந்த மூக்கைத்தான் நான் மோப்ப நாய் என்று கேலி செய்துகொண்டிருந்தேன்.

நண்பன் ரூம், நேரே பாத்ரூம், சாத்திய கதவு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவன் பாசத்தால் மட்டும் பக்கத்தில் வரவில்லை. பாசமும்தான், அது பொய்யில்லை. ஆனால் அதுவரை வராமல் அவனைத் தடுத்தது இவள் மூக்கு. அது போனதும் வழி திறந்துவிட்டது. எனக்கு மூக்கு இருந்தும் தெரியவில்லை; அவன் என் பக்கத்தில் உட்காருவதில்லை.

"நான் பேசுதேன் அவன்ட்ட" என்றேன்.

"என்னன்னு பேசுவீங்க? எப்படித் தெரியும்னு கேப்பான்ல? அம்மைக்கு மூக்கு வந்துட்டுன்னு தெரிஞ்சா நாளைலேருந்து பழையபடி ஐரோலியில போய்ப் படுத்துக்கிடுவான். அங்க எவ்வளவு குடிக்கான், எங்க விழுந்து கிடக்கான்னு யார் பாப்பா?" அவள் டப்பாவை மூடினாள். "வரலன்னே இருக்கட்டும். குடிச்சிட்டு வந்தாலும் எம்பக்கத்துல வந்து உக்காரட்டும்."

"எத்தன நாளைக்கு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் மறுபடி அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காயைக் கையில் எடுத்தாள். அவன் சாய்ந்துகொண்டான். நான் அந்த மேடை அருகிலேயே நின்றேன்.

6

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு ஆல்வினும் லீவு போட்டுக்கொண்டு வந்தான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "அந்தர் தோ ஸப் ஸாஃப் ஹை", உள்ளே எல்லாம் சுத்தம் என்றார். வீக்கமும் சதையும் நன்றாக வற்றிவிட்டன. "அப் குஷ்பூ ஆதி ஹை?" வாசனை வருகிறதா என்று சிரித்தபடி கேட்டார்.

"நஹி, டாக்டர்" என்றாள் கிருபா.

டாக்டரம்மாவின் சிரிப்பு போய்விட்டது. வழி திறந்தும் வாசனை வரவில்லை என்றால் நரம்பைப் பார்க்க வேண்டும். தலைக்கு ஒரு ஸ்கேன் எடுக்கலாம். கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரையே கொடுத்துப் பார்க்கலாம். ஸ்ப்ரே போல அல்ல, மாத்திரை உடம்பு முழுக்கப் போகும், சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பேன் என்றார். ஆல்வின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்கேன் ஆஜ் ஹி கர் லேதே ஹை", இன்றைக்கே எடுத்துவிடலாம் என்றான். கிருபா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டீராய்டு என்ற வார்த்தைக்கே பயந்தவள்.

கேஸ் பேப்பரில் முத்திரை விட்டுப்போய்விட்டது என்று சொல்லி, இருவரையும் வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் திரும்பிப் போனேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில், மூக்கை ஆணாக்கியும் பெண்ணாக்கியும், எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

ஸ்கேன் வேண்டாம், மாத்திரை வேண்டவே வேண்டாம் என்றார். ஸ்ப்ரேயை ஒவ்வொரு பக்கமும் ஒரு தடவையாகக் குறைத்தார். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், ஒரு தடவை கண்ணையும் காட்டிவிடுங்கள் என்றார். பையனிடம் ஸ்கேனுக்கு அவசரமில்லை என்று தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். "ஆனால் இல்லாத வியாதிக்கு என்னால் ரொம்ப நாள் மருந்து எழுத முடியாது" என்றார். நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

"ஔர் லட்கே கா?" என்று பின்னாலிருந்து கேட்டார். பையனுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

காதில் விழாததுபோலக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

நான் முயலாமல் இல்லை. ஒரு நாள் ஸ்டேஷன் பாலத்தில் அவனோடு நடந்து போகும்போது, "ஏலே, ஒழுங்கா இருக்கியா?" என்று கேட்டேன். "ஹாங் பப்பா, ஸப் டீக்", எல்லாம் சரி என்றான். கூட்டம் எங்களைப் பிரித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு மேல் என்ன கேட்டாலும், அது கிருபாவின் மூக்கைக் காட்டிக்கொடுப்பதில்தான் போய் முடியும். அவனோ இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கண்ணைக் கட்டுகிறான். கிராம்பை நீட்டுகிறான். அவன் விரல்களில் முந்தின நாளின் வாடை இருக்கும். அவள் அதையும் சேர்த்து உள்ளே இழுத்துவிட்டு, "ஒண்ணும் தெரியலய்யா" என்கிறாள். அவன் முகம் வாடிவிடுகிறது. அடுத்த நொடி நிம்மதி போல இன்னொன்றும் அந்த முகத்தில் வருகிறது. எது அதிகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதை எழுதக் காரணம் உண்டு. இங்கே எங்கள் சபையில் ஒவ்வொரு வாரமும் ஜெபக் குறிப்பில் கிருபாவின் பெயர் வருகிறது. சகோதரி கிருபாவுக்குக் கர்த்தர் முகரும் சக்தியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று போதகர் சொல்ல, சபை முழுவதும் தலை குனிகிறது, அவளும் குனிகிறாள். கொடுத்தாகிவிட்டது என்று எழுந்து சாட்சி சொல்ல முடியாமல், கொடுத்தவருக்கு ஒரு காணிக்கை போட முடியாமல், மற்றவர்களோடு சேர்ந்து ஆமென் சொல்கிறாள். ஆல்வின் பக்கத்தில் நின்று உரக்கச் சொல்கிறான்.

ஊர்க் கோயிலிலும் அவளுக்காக ஜெபிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். என் மகனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதைச் சொல்லித் தராமல் விட்டதற்காக எத்தனையோ நாள் கிருபாவோடு சண்டை போட்டிருக்கிறேன். இன்றைக்கு அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன். தயவுசெய்து யாரும் அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். ஜெபத்தையும் நிறுத்த வேண்டாம். கிருபாவின் மூக்கு என்றே வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் மட்டும் ஆல்வின் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.